லோத்தாரின் பாம்பும் இஸ்திரி போட்ட சட்டையும்

ஹார்ட்விக் அந்தப் பாம்பை என் தம்பியிடம் கொடுத்தது உருளைக்கிழங்கு சாலட் டப்பாவில். கழுவாத டப்பா. மூடியின் உள்பக்கம் மயோனைஸ் காய்ந்து மஞ்சளாக ஒட்டியிருந்தது. காற்றுக்காக ஆணியால் நான்கு ஓட்டை குத்தியிருந்தார். மறுநாள் காலை அந்த டப்பாவைக் கழுவிப் போட்டவள் நான். அதனால் இதில் யாரும் எனக்கு மறுப்புச் சொல்ல முடியாது.

அது 2008 அக்டோபர் மூன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை. அரசு விடுமுறை. ஆனாலும் ஊர்வன வளர்ப்போர் சங்கம் கூடியது. மாதத்தின் முதல் வெள்ளி, சாயங்காலம் ஐந்து மணி, கால்வாய்ப் பாலத்தடியில் இருக்கும் பீர்க்கடையின் பின்னறை. எங்கள் ஊர் ஹெர்னேயில் சுரங்கம் மூடினாலும் மூடும், அந்தக் கூட்டம் தவறாது. ஹார்ட்விக்தான் சங்கத் தலைவர். அவர் வீட்டு நிலவறையில் மலைப்பாம்புகள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும். கம்பளத்தில் நெய்தது போல உடம்பெல்லாம் கோலம் போட்ட இனம். அந்த வருடம் பொரித்த பதினேழு குஞ்சுகளில் பதினாறு ஒழுங்காக இருந்தன. பதினேழாவது, கை தெரிந்தால் போதும், பாய்ந்து கடித்தது.

அன்று என்ன பேசினார்கள் என்பதைச் சங்கத்தின் செயலாளர் அன்னெக்ரெட் எனக்கு வரி வரியாகச் சொல்லியிருக்கிறாள். ஹார்ட்விக் டப்பாவை மேசையில் வைத்து, "இது பாம்பு இல்லப்பா, தையல் மெஷின். குத்திக்கிட்டே இருக்கு" என்றாராம்.

"அப்ப என்ன பண்றதா உத்தேசம்?" என்று அன்னெக்ரெட் கேட்டாள்.

"வேற என்ன? க்ளெமென்ஸோட மகாராணிக்குத்தான்."

க்ளெமென்ஸ் வீட்டில் இரண்டு பூட்டுக்குப் பின்னால் ஒரு ராஜநாகம் இருக்கிறது. அது பாம்பைத் தவிர வேறெதையும் தின்னாது. சங்கத்தில் யாருக்கும் வேண்டாத குஞ்சுகள் அங்கேதான் போகும். யாரும் அதைப் பெரிதாகப் பேசுவதில்லை. பீரைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

மேசைக் கோடியில் உட்கார்ந்திருந்த என் தம்பி, "எனக்குக் குடு" என்றான்.

"உனக்கா? டேய் லோத்தார், நீ ஒரு வார்த்த பேசி முடிக்கறதுக்குள்ள அது ரெண்டு தடவ தோல் உரிச்சிருமே!"

எல்லோரும் சிரித்தார்களாம். அன்னெக்ரெட்டும் சிரித்திருப்பாள். கேட்டேன், பேச்சை மாற்றிவிட்டாள்.

லோத்தார் பேசமாட்டான் என்பது உண்மை. நான்கு வயது வரை ஒரு சொல் கூடச் சொல்லவில்லை. இந்தப் பையனுக்குப் படிப்பு ஏறாது என்று பள்ளியில் எழுதிக் கொடுத்தார்கள். படிப்பு ஏறாத பையன் ஓடு வேயும் தொழிலில் தேறி, இந்த ஊரில் முந்நூறு கூரைக்கு மேல் போட்டிருக்கிறான். ஒன்று கூட ஒழுகியதில்லை. தொண்ணூற்றொன்பதில் மழையில் தேவாலயக் கூரையிலிருந்து வழுக்கி விழுந்தான். முதுகில் இரண்டு எலும்பைத் திருகாணி போட்டு முடுக்கினார்கள். அதற்குப் பிறகு கிடங்கில் உட்கார்ந்து மற்றவர்களுக்குக் கருவி எடுத்துக் கொடுக்கிற வேலை. அதைப் பற்றியும் அவன் ஒரு வார்த்தை புலம்பியதில்லை. பேசாதவனைப் பார்த்தால் ஊருக்கு இளக்காரம். எனக்கு அதைப் பார்த்தால்தான் பற்றிக்கொண்டு வரும்.

ஹார்ட்விக் இலவசமாகக் கொடுத்துவிடவில்லை. "கைச்சுற்றுல பாப்போம்" என்று சொல்லித்தான் கொடுத்தார். அது அந்தச் சங்கத்தின் பழைய வழக்கம். முந்தைய வருடம் பொரித்த குஞ்சுகளில் சங்கத்துக்குள்ளேயே தங்குகிறவற்றை மார்ச் மாதக் கூட்டத்தில் மேசையைச் சுற்றிக் கைக்குக் கை மாற்றுவார்கள். கடிக்காமல் சுற்றி வந்தால் பொரித்தவர் பிறப்புச் சீட்டில் கையெழுத்துப் போடுவார். சீட்டு இல்லாமல் இந்த இனத்தை வீட்டில் வைத்திருந்தால் நகராட்சி வந்து எடுத்துக்கொண்டு போய்விடும்.

"மார்ச் ஆறு. பதிமூணு பேர், பதிமூணு கை. ஒரு கடி விழுந்தாலும் மகாராணிக்கு. சம்மதமா?"

லோத்தார் தலையாட்டினான். அவ்வளவுதான். ஐந்து மாதம் கெடு.

நாங்கள் ஒரே கட்டிடத்தில் இருக்கிறோம். நான் இரண்டாம் மாடி, அவன் அதற்கு மேல் கூரைக்கடியில். அதனால் அவன் செய்ததையெல்லாம் நான் பார்த்தேன். "பாம்பை அடக்கினான்" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. அவன் எதையும் அடக்கவில்லை. முதல் இரண்டு வாரம் அதைத் தொடவே இல்லை, பார்க்கக்கூட இல்லை. சின்ன பிளாஸ்டிக் பெட்டி ஒன்றில் பழைய செய்தித்தாளை விரித்து, ஒளிந்துகொள்ள ஒரு காபிப் பொட்டலத்தைக் கவிழ்த்து வைத்து, பெட்டியின் மூன்று பக்கத்தையும் தாளால் மறைத்துவிட்டான். ஒரு மூலையில் சூடு. வாரம் ஒரு முறை, உறைபெட்டியிலிருந்து எடுத்து வெந்நீரில் இளக்கிய எலிக்குஞ்சு ஒன்று. அதற்குப் பிறகு மூன்று நாள் அந்தப் பக்கமே போகமாட்டான். தின்ற வயிற்றோடு தூக்கினால் கக்கிவிடுமாம்.

"இதுக்கு ஒரு பேரு வையேண்டா" என்றேன்.

"சீட்டு வரட்டும்."

"கோவக்காரப் பாம்புக்கு இவ்வளவு மரியாதையா?"

"அது கோவம் இல்ல, ஹில்லா. விரல் தண்டி இருக்கு. அதுக்கு நாம எல்லாம் வீடு மாதிரி. வீடு மேல வந்து விழுந்தா நீ என்ன பண்ணுவ?"

லோத்தார் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

மூன்றாவது வாரத்தில் தன் பழைய சட்டை ஒன்றை, இரண்டு நாள் போட்டு வியர்த்த பிறகு, அப்படியே சுருட்டிப் பெட்டிக்குள் வைத்தான். பாம்பு அதற்குள் புகுந்து படுத்துக்கொண்டது. பிறகுதான் கை. அதுவும் மேலிருந்து அல்ல, பக்கத்திலிருந்து. முதலில் கம்பிக் கொக்கியால் உடம்பை மெதுவாகத் தடவுவான். வருவது சாப்பாடு அல்ல என்று அதற்குத் தெரிய வேண்டும். அப்புறம் நடு உடம்பில் கை கொடுத்துத் தூக்குவான். கழுத்தை வளைத்துக் கடிக்கும். லோத்தார் கையை இழுக்கமாட்டான். புறங்கையில் ஊசி குத்தினது போல வரிசையாக ரத்தப் பொட்டு வரும். அப்போதும் கீழே விடமாட்டான். "கடிச்சதும் எறக்கி விட்டா, கடிச்சா விட்டுருவாங்கன்னு கத்துக்கும்." அது அமைதியாகும் வரை அப்படியே உட்கார்ந்திருந்து, அமைதியான பிறகே பெட்டியில் விடுவான். கண் பால் போல வெளுத்தால், தோல் உரிக்கப் போகிறது என்று அர்த்தம். உரித்து முடிக்கும் வரை கிட்டே போகமாட்டான்.

நவம்பரில் இருபத்து மூன்று கடி. டிசம்பரில் ஒன்பது. ஜனவரியில் இரண்டு. அவன் குப்பைத்தொட்டியில் போட்ட பிளாஸ்திரிகளை எண்ணித்தான் சொல்கிறேன். மாதக் கூட்டத்துக்குப் போகும்போதெல்லாம் ஹார்ட்விக், "என்னடா, விரல் எல்லாம் மிச்சம் இருக்கா?" என்று கேட்பாராம். இவன் பத்து விரலையும் விரித்துக் காட்டிவிட்டு உட்காருவானாம். ஜனவரி கடைசியில் அந்தப் பாம்பு இவன் முழங்கையில் சுற்றிக்கொண்டு பத்து நிமிடம் சும்மா இருந்தது. நான் கதவருகே நின்று கடிகாரத்தைப் பார்த்தேன்.

அப்போது பார்த்துக் காப்பீட்டுக்காரர்களின் கடிதம் வந்தது. முதுகுக்காக அவன் இரண்டு வருடம் முன்பு எழுதிக் கேட்ட வெளியூரில் தங்கிச் செய்துகொள்ளும் மூன்று வார ஓய்வு சிகிச்சை, பிப்ரவரி ஏழிலிருந்து இருபத்தெட்டு வரை. வேண்டாம் என்றால் மறுபடியும் வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும். அவன் போகமாட்டேன் என்றான். நான் கத்தினேன். அவன் முதுகு என்ன நிலையில் இருந்தது என்று எனக்குத்தான் தெரியும். காலையில் காலுறை போட்டுவிட்டவள் நான்.

"பாம்ப நான் பாத்துக்கறேன்" என்றேன்.

"உனக்குத்தான் பயமாச்சே."

"பயந்துக்கிட்டே பாத்துக்கறேன். எழுதிக் குடு. எழுதினபடி செய்வேன்."

பதினோரு வரி எழுதிக் கொடுத்தான். தண்ணீர் தினமும் மாற்று. சூடு முப்பது டிகிரி. வியாழன் எலி. பெட்டியைச் சுத்தமாக வை. எலி தின்ற பின் மூன்று நாள் விட்டு, ஒன்றுவிட்டு ஒரு நாள் கொக்கியால் தடவித் தூக்கு, ஐந்து நிமிடம், கையுறை போட்டுக்கொண்டாலும் சரி. இப்படிப் பதினொன்று. அந்தத் தாளை அவன் வீட்டு அடுப்படிச் சுவரில் ஒட்டினேன். ஒவ்வொரு வரியையும் செய்து முடித்தபின் பென்சிலால் கோடு போட்டேன். ஒரு நாள் தவறவில்லை.

முதல் வாரம் இரண்டு கடி, கையுறையில். இரண்டாம் வாரம் தூக்கிய போதெல்லாம் கடித்தது. மூன்றாம் வாரம் மூடியைத் திறந்தாலே பாய்ந்தது. ஒரு தடவை கையுறைக்கு மேலே மணிக்கட்டில் பிடித்தது. பிடித்தது, உடனே விட்டது, மறுபடியும் பிடித்தது. பெட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து அழுதேன். வலியால் அல்ல, ஆத்திரத்தால். எழுதியதைத்தானே செய்கிறேன், சனியனே, உனக்கு என்ன வேண்டும் என்று அந்தப் பெட்டியைப் பார்த்துக் கேட்டேன். ஞாயிறுகளில் லோத்தார் போன் பண்ணும்போது, "சமத்தா இருக்கு, நீ முதுகப் பாரு" என்று சொன்னேன். அது பொய். அந்த மூன்று வாரத்தில் நான் செய்த ஒரே தப்பு அதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இருபத்தெட்டாம் தேதி மத்தியானம் வந்தான். பையைக் கீழே வைத்ததும் நேரே பெட்டியிடம் போனான். மூடியைத் திறந்தான். கையைப் பக்கத்திலிருந்து கொண்டுபோனான். ஆறு கடி. ஒன்றன் மேல் ஒன்றாக. கையை இழுக்காமல் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"எப்பலேர்ந்து?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். பென்சில் கோடு போட்ட தாளையும் கொண்டுவந்து காட்டினேன். அவன் பெட்டிக்குள் குனிந்து, சட்டையை இரண்டு விரலால் எடுத்தான். நான்காக மடித்த சட்டை. மோந்து பார்த்தான்.

"இதத் துவைச்சியா?"

"பின்ன? நாத்தம் குடலப் புடுங்குச்சு. அறுவது டிகிரில துவைச்சேன். ஒவ்வொரு சனிக்கிழமையும்."

"இஸ்திரி?"

"போட்டேன்."

லோத்தார் முக்காலியில் உட்கார்ந்து சட்டையை மடியில் விரித்தான். "காலர்கூட வெறைப்பா இருக்கு" என்றான்.

"பெட்டி?"

"ரெண்டு நாளைக்கு ஒரு தடவ. வினிகர் ஊத்தித் தேய்ச்சு. பேப்பர் புதுசு. அந்தக் காபிப் பொட்டலத்தக்கூடத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வச்சேன். சுத்தமா வைன்னு நீதானே எழுதின!"

பாம்பு எச்சமிட்ட இடத்தைத் துடை என்ற அர்த்தத்தில் அவன் எழுதியிருக்கிறான். முப்பத்தொன்பது வருடம் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் விரிப்பு துவைத்தவளிடம் சுத்தம் என்று எழுதினால் என்ன நடக்கும் என்று அவன் யோசிக்கவில்லை. அந்தப் பாம்புக்கு வீடு என்றால் அதன் சொந்த வாசனை. நல்லவன் என்றால் லோத்தாரின் வியர்வை வாசனை. இரண்டையும் நான் வாரா வாரம் அடியோடு துடைத்து எடுத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அது தெரியாத ஊரில் தெரியாத வீட்டில் கண் விழித்திருக்கிறது. அப்புறம் ரப்பர் நாற்றத்தோடு ஒரு கை.

"துவைக்காதேன்னு எழுதியிருக்கணும்ல!" என்று கத்தினேன். "பதினோரு வரி எழுதத் தெரிஞ்சவனுக்குப் பன்னெண்டாவது வரி எழுதக் கை வரலையா?"

"உனக்கு எழுதியிருக்கணும்தான்" என்றான். அவ்வளவுதான். ஒரு சொல் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

கைச்சுற்றுக்கு ஆறு நாள் இருந்தது.

அன்று மாலையே போட்டிருந்த சட்டையைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தான். மூன்று நாள் பெட்டியைத் திறக்கவில்லை. தாளை மாற்றவில்லை. நான் மேலே போகும்போது கதவுக்கு வெளியிலேயே நிறுத்தினான். என் கையில் வினிகர் வாடை இருக்கிறதாம். நான் கைச்சோப்பை விட்டேன், வினிகர்ப் புட்டியை நிலவறையில் கொண்டு வைத்தேன், வெறும் தண்ணீரில் கை கழுவினேன். என் வாழ்நாளில் அவ்வளவு அழுக்காக நான் உணர்ந்ததில்லை. செவ்வாயன்று கொக்கியால் தடவினான். புதனன்று தூக்கினான். ஒரு கடி. வியாழனன்று கடிக்கவில்லை. ஏழு நிமிடம் அவன் கையில் இருந்தது.

"நீயும் கையக் குடு" என்றான்.

"என்னால ஆகாது. வற்புறுத்தாத."

வெள்ளிக்கிழமை நானும் வருவேன் என்றேன். ஒரு நிபந்தனை போட்டான். "அங்க நீ வாயத் தொறக்கக் கூடாது. ஹார்ட்விக்கச் சீண்டினா அவன் கையெழுத்துப் போடமாட்டான். சத்தியம் பண்ணு." சத்தியம் பண்ணினேன்.

பின்னறையில் பெரிய நீள மேசை. நான் சுவரோரம் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தேன். ஐந்து நாற்பதுக்கு ஹார்ட்விக் ஒரு தெர்மக்கோல் பெட்டியோடு வந்தார். உறுப்பினர்கள் எல்லோரும் சேர்ந்து மொத்தமாக வாங்குகிற உறைந்த எலிகள். பைகளைப் பிரித்துப் பங்கு போட்டார். ஒரு பை கிழிந்து ஈரம் கசிந்தது. கொட்டியதைக் கையால் அள்ளிப் போட்டுவிட்டு, கையைக் காற்சட்டையில் துடைத்தார். அதே கையால் வேகாத பன்றிக் கொத்துக்கறியும் வெங்காயமும் வைத்த ரொட்டியை எடுத்துத் தின்றார். 

கைச்சுற்றுக்கு முன் நடைவழியில் இருக்கும் தொட்டியில் கை கழுவ வேண்டும். அதுவும் வழக்கம். பன்னிரண்டு பேர் எழுந்து வரிசையில் நின்று கழுவிவிட்டு வந்தார்கள். ஹார்ட்விக் நாற்காலியை விட்டு அசையவில்லை. நான் லோத்தாரைப் பார்த்தேன். அவன் கழுவும் வரிசையில் எனக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தான். சொல்லியிருக்கலாம். சத்தியம் பண்ணிவிட்டோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதற்காக இன்றும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

லோத்தார் பாம்பை எடுத்து முதல் ஆளாகத் தன் கையில் வைத்துக்கொண்டான். அடுத்து அன்னெக்ரெட். அடுத்து க்ளெமென்ஸ். நாக்கை நீட்டி நீட்டி ஒவ்வொரு கையையும் முகர்ந்து மெதுவாக ஏறியது. ஐந்தாவது கை, ஆறாவது கை. எட்டாவது ஆள் கண்ணை மூடிக்கொண்டான், அவன்தான் பயந்தான், பாம்பு பயப்படவில்லை. பன்னிரண்டு. கடைசி ஹார்ட்விக்.

அவர் கையை மேலிருந்து நீட்டினார். பாம்பு நாக்கை நீட்டியது. ஒரு தடவை, இரண்டு தடவை, பிறகு வேகமாக. கழுத்து வளைந்தது. கட்டைவிரலைக் கவ்வியது. கவ்வியபடியே உடம்பு முழுவதையும் அவர் கையில் சுற்றி இறுக்கியது.

"பாத்தீங்களா! பாத்தீங்களாடா!" என்று ஹார்ட்விக் கையை உதறினார். "தையல் மெஷின் தையல் மெஷின்தான்! க்ளெமென்ஸ், டப்பாவ எடு!"

"ஒதறாத. பல்லு ஒடையும்" என்றான் லோத்தார். ஹார்ட்விக்கின் சாராயக் கோப்பையில் விரலை நனைத்து, பாம்பின் வாயோரத்தில் ஒரு சொட்டு வைத்தான். அது விட்டது. வாலிலிருந்து ஒவ்வொரு சுற்றாகப் பிரித்து எடுத்துத் தன் சட்டைக்குள் விட்டுக்கொண்டான். அவன் முகம் சுண்ணாம்பு போல இருந்தது.  அவன் பேசமாட்டான் என்று எனக்குத் தெரியும். தலையைக் குனிந்துகொண்டு பாம்பைக் கொடுத்துவிட்டு வந்து, கூரைக்கடியில் தனியாக உட்கார்ந்திருப்பான்.

நான் எழுந்தேன்.

"அந்தக் கைய மோந்து பாரு" என்றேன். அதுவரை அவரை நான் மரியாதையாக 'நீங்க' என்றுதான் பேசியிருக்கிறேன். அன்றோடு அது போயிற்று. "எலி அள்ளின கை. அஞ்சு நாப்பதுக்கு அள்ளின. கால்சட்டைல தொடச்ச. அதோ கறை இருக்கு. பன்னெண்டு பேரு எழுந்து போயிக் கழுவினாங்க. உனக்கு மட்டும் காலு வரல."

"லோத்தார், உங்க அக்காவ அடக்கு."

"அவன் என்னத்த அடக்கறது! மூணு வாரம் என்னக் கடிச்சிருக்கு அது. பயந்து கடிச்சா கடிச்ச உடனே விட்டுரும். ஒரு தடவகூடச் சுத்தினதில்ல. உன்னச் சுத்துச்சு. ஏன் சுத்துச்சு? உன்ன எலின்னு நெனச்சுருச்சு. தப்பா நெனச்சுதுன்னு நான் சொல்லமாட்டேன்."

யாரோ பீரைத் துப்பிவிட்டுச் சிரித்தார்கள். ஹார்ட்விக்கின் கழுத்து சிவந்தது. "முப்பது வருஷமாப் பாம்பு வளக்கறேன். துணி தொவைக்கற பொம்பள எனக்குச் சொல்லித் தரணுமா?"

"அழுக்குக் கை எதுன்னு துணி தொவைக்கறவளுக்குத்தான் தெரியும்."

க்ளெமென்ஸ் தொண்டையைச் செருமினான். டப்பாவை அவன் எடுக்கவே இல்லை. "சுத்தினது நெசந்தான், ஹார்ட்விக். பயந்த பாம்பு சுத்தாது. அது ஒனக்கும் தெரியும். அப்புறம் எங்க மகாராணிக்குக் கண்ணு வெளுத்திருக்கு. தோலு உரிக்கற வரைக்கும் சாப்பிடமாட்டா."

"வழக்கம்னு ஒண்ணு இருக்கு! பதிமூணு கை!"

"கை கழுவறதும் வழக்கந்தான்" என்றாள் அன்னெக்ரெட், குறிப்பேட்டை விட்டுத் தலையைத் தூக்காமல். "போய்க் கழுவிட்டு வா. மறுபடி பிடி."

"கழுவமாட்டேன். இவ சொல்லி நான் கழுவமாட்டேன்."

"அப்ப பன்னெண்டு கைதான் ஆச்சு. பதிமூணாவது யாரு?"

மேசையைச் சுற்றி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எல்லோரும் ஏற்கெனவே பிடித்தவர்கள். நான் கோட்டின் கையை மேலே இழுத்தேன். என் கையை மேசைமேல் நீட்டினேன். நாற்பது வருடச் சோடாவில் வெடித்த கை அது. ஆறு நாளாகச் சோப்பைத் தொடாத கையும் அதுதான்.

"இந்தா" என்றேன். "குடுடா."

லோத்தார் என்னைப் பார்த்தான். சட்டைக்குள்ளிருந்து அதை எடுத்து, பக்கத்திலிருந்து, மிக மெதுவாக என் உள்ளங்கையில் வைத்தான். ஈரமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். உலர்ந்து, வழவழப்பாக, கஞ்சி போட்டு மடித்த துணி போல இருந்தது. நாக்கை நீட்டியது. என் விரல் நுனியை முகர்ந்தது. கழுத்து வளையவில்லை. நான் மூச்சை விடவில்லை. அது மணிக்கட்டில் ஏறி, போன மாதம் கடித்த அதே இடத்தின் மேல் நகர்ந்து, கோட்டின் கைக்குள் நுழைந்து முழங்கையருகே சுருண்டு படுத்துக்கொண்டது. அன்னெக்ரெட் அறுபது வரை சத்தமாக எண்ணினாள்.

"பதிமூணு" என்று சொல்லிக் குறிப்பேட்டில் எழுதினாள். நான் எட்டிப் பார்த்தேன். "கடி ஒன்று, தலைவருக்கு, கழுவாத கை" என்று எழுதியிருந்தது.

ஹார்ட்விக் கையெழுத்துப் போட்டார். பன்னிரண்டு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது போடாமல் என்ன செய்வார்? விரலில் ரத்தம் சொட்டியதால் சீட்டில் கறை பட்டது. லோத்தார் சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்திரி எடுத்து நீட்டினான். நவம்பரிலிருந்து அவன் பையில் இருப்பவை. என்னிடம் இருந்திருந்தால் நான் கொடுத்திருக்கமாட்டேன். அதையும் வாங்கி ஒட்டிக்கொண்டு, கடைசியில் அந்த மனுஷர் சீட்டின் குறிப்புக் கட்டத்தில் கொட்டை எழுத்தில் ஒன்று எழுதினார்: "கடிக்கும்." அது இன்றும் அந்தச் சீட்டில் இருக்கிறது. என் தம்பி ஐந்து மாதம் உட்கார்ந்து செய்த வேலைக்கு அந்த ஆள் கொடுத்த நற்சான்று அது. பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கொதிக்கிறது. லோத்தார் அதைச் சட்டம் போட்டுப் பெட்டிக்கு மேலே மாட்டியிருக்கிறான்.

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை மேலே அவன் வீட்டில் இருந்தேன். பாம்புக்கு இப்போது பெயர் இருக்கிறது, ஃப்ரீடல். அது அவன் தோளில் கிடந்தது. அவனுக்கு இரண்டு கையிலும் வேலை, அதனால் போனை நான் எடுத்தேன்.

"லோத்தார் இருக்கானா?" ஹார்ட்விக்கின் குரல்.

"நான் ஹில்ட்ரூட்" என்று முழுப் பெயரைச் சொன்னேன்.

 உடனே குரலில் வெண்ணெய் தடவிக்கொண்டு பேசினார். ஊர்த் திருவிழாவில் சங்கம் மேசை போடுகிறதாம். குழந்தைகள் தொட்டுப் பார்க்க அமைதியான பாம்பு ஒன்று வேண்டுமாம். அவருடைய பதினாறு குஞ்சுகளையும் விற்றாகிவிட்டதாம். "ஒரே ஒரு நாள்தான். பலகைல 'ஹார்ட்விக் வளர்ப்பு'ன்னு போட்டுக்கறேன், என் முட்டைல வந்ததுதானே. அது ரொம்ப சாதுவா இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க."

"அப்படியா?" என்றேன். "சீட்டுல கடிக்கும்னு எழுதியிருக்கே. கொழந்தைங்க தொடற எடத்துக்கு எப்படிக் குடுக்கறது? எழுதினவரு முப்பது வருஷம் பாம்பு வளத்தவரு. அவரு பொய் எழுதுவாரா?"

வைத்துவிட்டேன்.

"யாரு?" என்று லோத்தார் கேட்டான்.

"தப்பான நம்பர்" என்றேன்.